காற்றாலை ஏறப் போனவள்

வீட்டில் அவளைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று நாத்தனார் ஒருநாள் எரிச்சலில் சொன்னது, சுருங்கிப் பெயராக ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

கல்யாணத்துக்குப் பிறகு அவள் பார்த்துவிட்ட வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. மருந்துக்கடை, கூரியர் அலுவலகம், பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்குவது, கடைசியாகத் துணிக்கடை கவுண்டர். எங்கேயும் யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. கை சுறுசுறுப்பு, வாய் சிரிப்பு, முதலாளிகளுக்குப் பிடித்துப்போகும். ஆனால் சில மாதங்களில் உள்ளங்காலில் ஏதோ ஊர ஆரம்பிக்கும். மடித்த புடவையையே மறுபடி மடிக்கும்போது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே போகிற லாரியில் ஏறிக்கொள்ளலாமா என்று தோன்றும். அப்புறம் ஒரு காலையில் எழுந்து, "இனிமே முடியாதுங்க" என்பாள். பஸ் கண்டக்டரான கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "சரி" என்பான். நாத்தனார்தான் தட்டை நங்கென்று வைப்பாள்.

துணிக்கடைக்கு எதிரே மின்வாரிய அலுவலகத்துச் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காற்றாலை பராமரிப்புக்கு இலவசப் பயிற்சி, வயது நாற்பதுக்குள், பெண்களும் சேரலாம். கீழே கோபுர உச்சியில் மஞ்சள் தொப்பியோடு நிற்கிற ஒருத்தியின் படம். சக்கரம் சாப்பாட்டு இடைவேளையில் தெருவைத் தாண்டிப் போனவள், கடைக்குத் திரும்பவே இல்லை. நேராகப் பயிற்சி நிலையத்தில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் பூகம்பம்.

"காத்தாடி ரிப்பேரா? நல்லா இருக்கு!" என்றாள் நாத்தனார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள். "அடுத்தது என்ன, ராக்கெட்டா?"

"இலவசம்தான் அண்ணி. முடிச்சா வேலையும் வாங்கித் தராங்க."

"இலவசம்னா உனக்கு இலவசம். நீ ஓடறப்பல்லாம் இந்த வீட்ல ஒருத்தி நின்னாகணும்ல? உன் பொண்ணுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, காய்ச்சல் வந்தா பக்கத்துல உக்காந்து... அது யாரு? நான்தான்."

சக்கரத்துக்குச் சுருக்கென்றது. நாத்தனார் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பதினோரு வயது மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடம் படிப்பதுபோல் பாவனை செய்தாள்.

இருந்தும் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

முதல் சில வாரங்கள் வகுப்பறை. மின்சாரம், பற்சக்கரம், எண்ணெய் அழுத்தம் என்று பலகை நிறைய எழுதிப்போட்டார்கள். புரிந்தது, ஆனால் உட்காரத்தான் முடியவில்லை. மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் முன்பு பேக்கரி வைத்திருந்தவர். ஆள் ஆறடி, குரல் பூனைக்குட்டி.

"அக்கா, தயவுசெஞ்சு காலை நிறுத்துங்க. நான் நேர்கோடு போட்டா அலையா வருது."

"வயசுல நீங்கதான் பெரியவர். என்னைப் போய் அக்காங்கறீங்க!"

"பயத்துல யாரைப் பாத்தாலும் அக்காதான் வருது" என்றார் அவர். உயரத்துக்குப் பயந்து மொட்டைமாடிக்குக்கூடப் போகமாட்டேன் என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். அடுப்புச் சூட்டில் மூச்சு வாங்குகிறது என்று கடையை மூடிவிட்டு, காற்றாவது கிடைக்கட்டுமே என்று இங்கே வந்தவர்.

ஒருவழியாக முற்றத்து இரும்புக் கோபுரத்தில் ஏறும் நாள் வந்தது. இடுப்பிலும் தொடையிலும் பெல்ட், அதிலிருந்து இரண்டு கொக்கிகள். ஒன்றைக் கழற்றினால் மற்றது கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். சக்கரம் பல்லிபோல ஏறினாள். காற்று முகத்தில் அறைந்தது. கீழே தெரு, கூரைகள், காயப்போட்ட துணிகள் எல்லாம் சிறுத்துக்கொண்டே போக, பிறந்ததிலிருந்து மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்து இப்போதுதான் விட்டதுபோல் இருந்தது. ஏணியிலிருந்து மேடைக்குத் தாவும் இடத்தில் கை முந்திக்கொண்டது. ஒரு கண்சிமிட்டல் நேரம், இரண்டு கொக்கியும் அவள் கையில் இருந்தன.

"இறங்குங்க!" கீழேயிருந்து பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் முற்றமே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மாள் பத்து வருடம் காற்றாலை ஏறியவர். எல்லார் முன்னாலும் சக்கரத்தின் பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "வேகம் எல்லாருக்கும் வரும். நீங்க விழுந்தா உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கப்போறது நான். இந்த வாரம் கீழயே இருங்க. மத்தவங்களுக்குக் கருவிப் பை கட்டிக் கொடுங்க."

சக்கரத்தின் முகம் தொங்கிப்போயிற்று. ஒரு பை கட்டினாள், இரண்டாவதைப் பாதியில் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். வந்து நின்றது கணவனின் பஸ்.

உச்சிவெயில் நேரம், பஸ்ஸில் கூட்டமே இல்லை. அவ்வளவு சீட்டு காலியாக இருந்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் பக்கத்தில் வந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"சரி, வேண்டாம்னா விட்டுடு. அக்கா கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். பிறகு விசிலை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டான்: "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வேலை பிடிக்கலையா, திட்டு வாங்கினது பிடிக்கலையா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாசல் படியில் நின்றாள். அவன் விசில் ஊத, இறங்கி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள். பாதியில் கிடந்த பை இருந்த இடத்திலேயே இருந்தது. பயிற்சியாளர் பார்த்துவிட்டு, அடுத்த பையையும் அவள் பக்கம் தள்ளினார்.

மீட்புப் பயிற்சியன்று பெல்ட் திரும்பக் கிடைத்தது. ஆனால் காப்பாற்றுகிறவளாக இல்லை, மயங்கி விழுந்தவளாக. பாதிக் கோபுரத்தில் அவள் அசையாமல் தொங்க வேண்டும், பேக்கரிக்காரர் கயிற்றுக் கருவியை மாட்டி அவளை மெதுவாக இறக்க வேண்டும். அவர் சரியாகத்தான் மாட்டினார். பிறகு கீழே பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பிடித்த பிடியில் கை உறைந்துபோயிற்று.

சக்கரம் அந்தரத்தில் தொங்கினாள். தனியாகக் காப்புக் கயிறு இருந்தது. விழமாட்டோம் என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவேண்டுமே! கைக்கெட்டும் தூரத்தில் ஏணி. எட்டிப் பிடித்து, தானே சரசரவென்று இறங்கிவிடலாம்.

"ஏணியைத் தொடாதீங்க!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "கயிறு தொய்ஞ்சா அவர் தடுமாறுவாரு!"

உள்ளங்கால் முதல் உச்சி வரை ஏதோ ஊர்ந்தது. தொடை மரத்தது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவர் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னைப் பாருங்க. கீழ பாக்காதீங்க."

"முடியலக்கா."

"அவசரமே இல்ல. எனக்கும் இங்க நல்லா காத்து வருது" என்றாள், பச்சைப் பொய்யாக. "காலையில முதல் தட்டு ரொட்டியை அடுப்புல இருந்து எப்படி எடுப்பீங்க? அதைச் சொல்லுங்க."

"மெதுவா... ரெண்டு கையாலயும்... சாயாம."

"அதேதான். நான்தான் அந்தத் தட்டு."

அவர் மூச்சை இழுத்துவிட்டார். கயிறு ஒரு சாண் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. தரையைத் தொட்டதும் சக்கரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இன்னைக்குத்தான் நீங்க காற்றாலைக்காரி" என்றார்.

பேக்கரிக்காரர் ஏறுவதை விட்டுவிட்டு, கீழே மின்பலகை இணைக்கும் பிரிவில் சேர்ந்து நிம்மதியானார். சக்கரத்துக்கு வேலை கிடைத்தது. மூன்று பேர் கொண்ட குழு, ஒரு வேன், வாரம் ஒரு இடம். எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருவாள். மகள் முதலில் முறைத்தாள், பிறகு மேலேயிருந்து எடுத்த போட்டோக்களைக் கேட்க ஆரம்பித்தாள். நாத்தனார் மட்டும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

இரண்டாம் வருடம் கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். உள்ளங்காலில் உடனே ஏதோ ஊர்ந்தது. ஆனால் இந்தத் தடவை பெயர் கொடுக்க ஓடவில்லை. கணவனிடம்கூடச் சொல்லாமல், காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணி, உங்ககிட்டதான் முதல்ல கேக்கறேன்."

கேட்டு முடித்ததும் கத்தி நின்றது. "ஒரு தடவை போனா எவ்வளவு நாள்?"

"ரெண்டு வாரம்."

நாத்தனார் நறுக்கிய காயை ஓரமாகத் தள்ளினாள். "என் நைட் டியூட்டியைப் பகலுக்கு மாத்தித் தருவாங்களான்னு பாக்கணும்" என்றாள் கடைசியில். "சரின்னு சொல்லல. பாக்கணும்னுதான் சொன்னேன்."

"சரி அண்ணி" என்றாள் சக்கரம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள்.