கழுவிக்கொண்டு வர வேண்டிய கால்கள்

நாமக்கல் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நீதி அமைதிக் குழு என்று ஒன்று உண்டு. உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் நாங்கள் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போய்விடுவோம். மெழுகு கையில் ஒழுகாமலிருக்க அட்டையை எப்படி வெட்டுவது என்பதுவரை அத்துப்படி. தலைவர் ஜவ்வரிசி மில் முதலாளி. எனக்கு வாய் நீளம் என்பதால் செயலாளர் பதவி.

ஈஸ்டருக்கு முந்தின ஒரு தவக்காலத்தில் குழுவுக்கு ஞானோதயம் வந்தது. இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாகப் பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எங்கள் கோயிலில் வருடா வருடம் அதே பன்னிரண்டு பேர்தான். அப்பா போனால் மகன், பட்டா மாற்றுவதுபோல. "இந்த வருசம் ஒரு இடத்தை உழைக்கற சனத்துக்குக் குடுப்போமுங்க" என்றார் தலைவர். பன்னிரண்டில் ஒன்று. பெண்களையும் சேர்க்கலாம் என்று ரோமாபுரி எப்போதோ சொல்லிவிட்டது. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு நடந்தே வந்து சேர்ந்தது. தம் மில்லில் வேலை செய்யும் ஓர் அக்காவைத் தலைவரே தேர்ந்தெடுத்தார். மரவள்ளிக் கிழங்கு கழுவும் தொட்டியருகே நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர்.

விஷயத்தைச் சொல்ல நான் போனேன். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெளுத்து வெடித்திருந்தது.

"ஏனுங்க தம்பி, இந்தக் காலையா சாமி கழுவோணும்?"

குழுவில் சொன்னேன். யாராவது கொதித்தெழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் குழுவைத் தெரியாது. "போட்டோவுல நல்லா இருக்காதுங்களே" என்று கவலைப்பட்டார் ஒருவர். தலைவர் தாராளமாக அக்காவுக்கு ஒரு டப்பா களிம்பும், பெரிய வியாழன் வரைக்கும் ஜவ்வரிசி காயும் களத்தில் ஈரமில்லாத வேலையும் கொடுத்தார். நான் என் பங்குக்கு அறிவிப்புப் பலகையில் எழுதினேன்: 'பாதம் கழுவப்படுவோர் கால்களைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வரவும்.' எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாளில் புண் ஆறிவிட்டது. பெரிய வியாழனுக்கு முந்தின புதன்கிழமை அக்காவின் காலைப் பார்த்த தலைவருக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியா, களிம்பு கேட்ருச்சு."

"களிம்பு இல்லீங்க முதலாளி, தண்ணியில நிக்காததுதான். ஆளுக்கொரு சோடி ரப்பர் பூட்ஸு குடுத்தா, தொட்டியில நிக்கற எங்க எல்லாத்துக்கும் காலு இப்படியே இருக்குமுங்க."

"ஈஸ்டர் முடியட்டும், பேசலாம்."

ஈஸ்டர் முடியட்டும் என்பது எங்கள் குழுவின் பதின்மூன்றாவது அப்போஸ்தலர்.

மறுநாள் காலை அக்கா களத்துக்குப் போகவில்லை. தாமாகவே தொட்டிக்குத் திரும்பினார். ஆறின தோல் ஒரே பகலில் மறுபடி பிய்ந்தது. சாயங்காலம் வேலை முடிந்த காலோடு நேராகக் கோயிலுக்கு வந்து வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதினொரு கால்களில் பவுடர் மணத்தது. சாமியார் ஒரு கை தண்ணீர் ஊற்றுவார், துடைப்பார், நகர்வார். தலைவர் பேசின் பிடித்தார், நான் துண்டு. பன்னிரண்டாவது காலில் ஊற்றியதும் பேசினில் செம்மண் கரைந்தது. சாமியார் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வேலைங்க சாமி."

"எல்லாருக்குமா இப்படி?"

"பேசின் புடிச்சிருக்கறவரைக் கேளுங்க சாமி."

பாடகர் குழுவின் சத்தத்தில் இது எங்கள் நாலு பேருக்கு மட்டுந்தான் கேட்டது. சாமியார் பேசினைத் தாம் வாங்கிக்கொண்டு, சொம்பைத் தலைவர் கையில் கொடுத்தார். தும்பைப்பூ வேட்டியோடு தலைவர் முட்டி போட்டார். விரல் விரலாகக் கழுவினார். ஓர் இடத்தில் அக்கா பல்லைக் கடித்தார். தலைவரின் கை அப்படியே நின்றது. பாட்டு தீர்ந்துபோய், மறுபடி முதல் சரணத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரமே மில்லுக்கு பூட்ஸ் வந்தது. எல்லாம் ஆம்பளை சைஸ், ஒன்பதாம் நம்பர். தொட்டியில் நிற்பது பூராவும் பெண்கள் என்பது முதலாளிக்குத் தெரியாதா என்ன. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அளவு எழுதிக்கொடுக்க இந்தச் செயலாளருக்கும் தோன்றவில்லை.

தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் அடுத்த அன்பியக் கூட்டத்தில் அக்காவைக் கேட்டேன்.

"துணி திணிச்சுப் போட்டுக்கறேன் தம்பி. உள்ள வெரலுக்கு வெரல் தனிக்குடித்தனம் நடத்துது. ஆனா காஞ்சு இருக்குதுங்க."