ஒயர் கூடையில் வந்த நோய்

பாலவனத்தத்தில் எங்கள் தெருக் கோழிகளையெல்லாம் கொன்றவள் நான்தான்.

இது ஊரில் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது... அவளுக்கு நன்றி சொல்லவே உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் இறுதி. அருப்புக்கோட்டையில், கோழி நோய்களை ஆராயும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். கணவர் இறந்துவிட்டார்; இரண்டு பெண் பிள்ளைகள். செத்த கோழிகளிலிருந்து எடுத்த கிருமியை, கருக்கூடிய முட்டைகளில் துளையிட்டுச் செலுத்தி வளர்ப்போம். துளையை மெழுகால் அடைப்போம். மிஞ்சுகிற நல்ல முட்டைகளையும் சேர்த்து எரித்துவிட வேண்டும்.

எரிக்க மனம் வரவில்லை. எட்டு முட்டைகளை ஒயர் கூடையில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சி மதினியின் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அவளிடம் கொடுத்தேன்.

அவற்றில் ஒன்றில் மெழுகுப் பொட்டு இருந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை என்றுதான் எனக்கே சொல்லிவந்தேன்... கவனிக்கவில்லையா? அழுக்கென்று கட்டைவிரலால் துடைத்தது நினைவிருக்கிறதே!

பொரிக்காத அந்த முட்டையை மதினி குப்பையில் வீசினாள். கோழிகள் கொத்தின. ஒரு வாரத்தில் கழுத்து திருகி விழத் தொடங்கின. வெள்ளைக்கழிச்சல் நோய்! மாதம் முடிவதற்குள் தெருவில் கோழிச் சத்தமே இல்லை.

நோய் எங்கே தொடங்கியது என்று விசாரிக்க எங்கள் ஆய்வுக்கூடத்துக் கால்நடை மருத்துவரே வந்தார். எந்த வீட்டுக் கோழி எந்த நாளில் செத்தது என்று கேட்டுக் கேட்டு, பின்னோக்கி நடந்தார். கடைசியில் நின்றது பேச்சி மதினியின் வாசலில். குறிப்பேட்டோடு அவர் அருகில் நான்!

"வெளியில இருந்து கோழியோ முட்டையோ வந்துச்சாம்மா?"

மதினி என்னைப் பார்த்தாள். என் வேலை போய்விடும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சந்தையில வாங்குன முட்டைங்கய்யா. யாருகிட்டன்னு ஞாவகமில்ல."

அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

சந்தையில் போய் விசாரித்தால் அங்கே நோயில்லை. 'மூலம் தெரியவில்லை' என்று எழுதிய மருத்துவர், மனம் கேட்காமல் எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதிகளையும் கடுமையாக்கினார். ஒவ்வொரு முட்டைக்கும் எண்; உள்ளே தனி உடுப்பு; எதுவானாலும் நீராவியில் வெந்த பிறகே வெளியே போகும். எரிக்கும் அறையின் சாவியை என்னிடம் தந்தார். "நீதாம்மா பொறுப்பான ஆளு" என்றார். ஐயோ!... அதன்பின் ஒரு முட்டையும் கணக்குத் தவற நான் விட்டதில்லை.

தெருவோ மதினியைப் பழித்தது. "மொதல்ல அவுக வீட்டுலதான செத்துச்சு?" அவள் வளர்த்த குஞ்சுகளை நெடுநாள் ஒருவரும் வாங்கவில்லை. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

என் பிள்ளைகள் உண்டதும் படித்ததும் அவள் சொன்ன அந்த ஒரு பொய்யால். நன்றி என்பது எவ்வளவு சின்னச் சொல்!

தொண்ணூறுகளின் நடுவில், பெரியவளுக்கு வேலை கிடைத்ததும் மதினியைத் தேடிப் பருத்திக் காட்டுக்குப் போனேன்.

"மதினி, தெருவுல எல்லாருகிட்டயும் உண்மையச் சொல்லிரப் போறேன்."

களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சொல்லி? இனிமே நா பொய் சொன்னவன்னு வேற பேரு வாங்கணுமா? போயிச் சோலியப் பாரு தாயி."

திரும்பி நடந்தேன். அவள் பெயரைக் காக்கத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் வரப்பைத் தாண்டும்போது என் நெஞ்சு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?... அந்த லேசைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.