கேட்கக் கூசிய மூன்றாவது கேள்வி

மருந்துப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவதற்காகக் காகிதத்தைப் பட்டையாக மடித்து, ஓரத்தைப் பல் பல்லாகக் கத்தரிப்பேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்த புதிதில் நான் அதிகமாகப் பட்டை வெட்டியது டிரைவர் அண்ணாச்சிக்காகத்தான். புளியங்குடி பஸ்ஸை ஓட்டியவர் அவர். யுத்தத்துக்குப் பிறகு வாங்கிய பழைய வண்டி அது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். ஒருநாள் காலை அந்தக் கம்பி எதிர்ப்பக்கமாக உதறி அவருடைய வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. வலிக்கு அபின் கலந்த மிக்ஸ்சரை ஒரு வாரத்துக்கு எழுதினார் டாக்டர். மறுநாள் அண்ணாச்சி வந்து, "வலி எங்கன போச்சுன்னே தெரியல தாயி. இதக் கண்டுபுடிச்சவனுக்கு ஆயுசு முழுக்க நம்ம பஸ்ல டிக்கெட் கிடையாது" என்றார்.

கைக்கட்டைப் பிரித்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. கை வலி போய் வயிற்று வலி வந்திருந்தது. டாக்டர் சீட்டில் 'அதே மருந்து' என்று எழுதுவார். நான் ஊற்றிக் கொடுப்பேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். இந்த மிக்ஸ்சர் வாங்குகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்: தூக்கம் எப்படி, பசி எப்படி, மலம் ஒழுங்காகக் கழிகிறதா. முதல் இரண்டையும் கேட்டேன். மூன்றாவதை, கல்யாணமாகாத இருபத்திரண்டு வயதுப் பெண், மீசை வைத்த ஒரு அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது? அவரும் தானாகச் சொல்லவில்லை. என் நோட்டில் அந்தக் கட்டம் வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தது.

அதை நிரப்பியவர் அவர் மனைவி. வரிசை வாசல்வரை நின்ற ஒரு காலையில், புருஷனைப் பின்னால் நிறுத்திவிட்டுப் பாட்டிலை என் முன்னால் வைத்தார்.

"கம்பவுண்டரம்மா, இவுக வெளிய போயி ஏழு நாளாச்சு. வயிறு வலிக்குன்னு இந்தத் தண்ணியவே ரெண்டு மடங்கு குடிக்காக. மத்தியானமெல்லாம் உக்காந்தமேனிக்கு உறங்குதாக."

"ஏட்டி, மெதுவாச் சொல்லு. கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் கேக்கும்" என்றார் அண்ணாச்சி.

"கேக்கட்டுமே. அங்கன வைத்தியம் தெரிஞ்சவுக யாராச்சும் இருந்தா வருவாக."

வரிசையே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன்: மலச்சிக்கல், பகல் தூக்கம், உடம்பெல்லாம் அரிப்பு; மருந்து ஒரு வேளை தப்பினால் கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், காரணமில்லாத கோபம். டாக்டர் அதைப் படித்துவிட்டு, தான் எழுதிய பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். வயிற்று வலியைக் கொண்டுவந்ததே மருந்துதான். அந்த வலிக்கு மறுபடியும் அதையே கொடுத்திருக்கிறோம். வேளை தப்பினால் வருபவை, உடம்பு அபினுக்குப் பழகிவிட்டதற்கு அடையாளம். எழுதியவர் அவர், ஊற்றியவள் நான். இருவரும் அண்ணாச்சியிடம் அதை ஒப்புக்கொண்டோம். மருந்து முழுவதும் நிற்கும்வரை பஸ் ஓட்டச் சான்று தர முடியாது என்றும் டாக்டர் சொன்னார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் வராவிட்டால் வேறு டிரைவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பஸ் முதலாளி சொல்லியிருந்தார்.

"இன்னைக்கே தூக்கி எறியுதேன்" என்று எழுந்தார் அண்ணாச்சி. அப்படிச் செய்யக் கூடாது, ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு படாத பாடு படும் என்று டாக்டர் தடுத்தார். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அதுஞ் சரிதான். வேகமாப் போற வண்டிய ஒரே மிதியில நிறுத்துனா, மேல கெடக்க எலுமிச்ச மூட்டையெல்லாம் என் தலையிலதான் விழும்."

நாலு நாளைக்கு ஒருமுறை அபினைக் கொஞ்சம் குறைத்துக் கலந்தேன். வயிற்றுக்குத் தனி மருந்து. பாட்டில் அக்காவின் டிரங்குப் பெட்டியில் பூட்டியிருந்தது. பாதி வழியில் ஒருநாள் அண்ணாச்சி தனியாக வந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. "ஒரே ஒரு வாய் கூட ஊத்து தாயி. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார், என்றுமில்லாத சின்னக் குரலில். என் கை அலமாரியிலிருந்த மிக்ஸ்சர் பாட்டிலைத் தொட்டுவிட்டது. அதை எடுத்திருந்தால் அவருடைய பஸ் வேலை போயிருக்கும். கையை இழுத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, இன்னைக்கு வெளிய போனீங்களா?" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தவர் குலுங்கிச் சிரித்தார். வரிசையும் சேர்ந்துகொண்டது. "போனேன் தாயி, போனேன். எளுதிக்கோ" என்று மூக்கைத் துடைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தவர், மதியம்வரை அங்கேயே எல்லாரையும் கேலி பேசிக்கொண்டிருந்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

ஆடித்தபசுக்கு முந்தின வாரம் டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டார். அவர் மறுபடி ஓட்டிய முதல் நாள் வண்டியில் நானும் ஏறினேன். கம்பியைச் சுற்றியவர் கண்டக்டர். ஏறிய பெண்களில் பாதிப் பேர் எங்கள் வரிசையில் நின்றவர்கள். டிரைவர் சீட்டைத் தாண்டும்போது ஒவ்வொருத்தியும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டே போனாள். "பாத்தியா தாயி, நீ ஒருத்தி கேட்டே. இப்ப ஊரே கேக்கு. எல்லாருக்கும் பதில் சொல்லி முடிக்கதுக்குள்ள புளியங்குடி வந்திரும்" என்று ஹாரனை அமுக்கினார்.

அது நடந்து மூன்று வருஷமாகிறது. அபின் கலந்த மருந்துக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் நெளிவார்கள். புளியங்குடி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மட்டும், நான் வாயைத் திறக்குமுன்பே பதில் சொல்லிவிடுகிறார்கள்.