மூச்சா, காற்றா?

பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஒரு கம்பெனிக்காகப் பேச்சைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். செல்போன் டவர் எட்டாத மலையில் வாக்கி டாக்கிதான் கதி. அதில் குரல் முழுதாகப் போக இடமிருக்காது. கொஞ்சமே கொஞ்சம் தகவலை அனுப்பி, மறுமுனையில் அதிலிருந்து குரலைத் திரும்ப உண்டாக்க வேண்டும். பழைய முறையில் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். என்னுடைய புது முறையில் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

கோம்பையில் இருக்கும் என் தங்கச்சியின் வீட்டுக்காரர் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சோதித்துப் பார்க்க ஒரு கருவியை அவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் ஒரு தடவை பேசினால், அதே பேச்சு பழைய முறையில் ஒன்றும் புது முறையில் ஒன்றுமாகக் கீழே வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி வீட்டு மொட்டைமாடியில் ஏரியலைக் கட்டிவிட்டு இருவரும் கேட்டோம்.

"மச்சான், இங்கன நல்ல சாரல். மருந்தடிக்க ஆள் வரல..."

தங்கச்சி இரண்டையும் மறுபடி போடச் சொன்னாள்.

"அண்ணே, மொதல்ல வந்ததுல அவுகளுக்கு மூச்சு வாங்குற மாதிரி இருக்கே?"

"அது இரைச்சல். பழசு அப்படித்தான் இரையும். ரெண்டாவதக் கேளு."

"ரெண்டாவதுல நல்லாத்தான் பேசுறாக. நான் எத நம்புறது?"

மூச்சு வாங்குகிறதா என்று வாக்கி டாக்கியில் அவரிடமே கேட்டேன். "ஒண்ணுமில்ல மச்சான்" என்றார். பழையதில் அந்தச் சொல் நடுவில் திக்கியது. புதியதில் வழுக்கிக்கொண்டு வந்தது. பழையது இல்லாத மூச்சைச் சேர்த்ததா, புதியது இருந்த மூச்சைத் துடைத்ததா?

"எதுக்கும் கீழ வரச் சொல்லு" என்றாள் தங்கச்சி.

மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கியவர், "வேலையப் போட்டுட்டு வரவச்சுட்டீகளே" என்று எங்களிடம் கோபப்பட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். விடாமல் தேனிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று அன்றே பெட்டில் சேர்த்தார்.

என் கருவிதான் நோயைக் காட்டிக்கொடுத்தது என்று சொந்தக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்குத்தான் அது ஒட்டவில்லை. சுருக்குவதற்கு முன் கருவியில் பதிவாகியிருந்த அசல் குரலைப் போட்டுக் கேட்டேன். மூச்சு வாங்குவது கேட்டது. மறுபடி கேட்டால் மரங்களுக்குள் புகுந்த காற்றாகத் தோன்றியது. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "காத்துதான்" என்றாள், சந்தேகமே இல்லாமல்.

மூச்சை விட்டுவைக்கும்படி நிரலை மாற்றிப் பார்த்தேன். மூச்சு வந்தது, கூடவே காற்றும் வந்தது. அதற்கே இடம் போய்விட, சொற்கள் மழுங்கின. "காத்தை எடுக்கத்தானே உங்களை வச்சிருக்கோம்?" என்றார் என் மேலதிகாரி போனில். அவர் சொன்னதும் சரியாகவே பட்டது. எங்கள் குழுவில் எல்லோரும் கேட்டுப் பார்த்துத் தெளிவான குரலையே தேர்ந்தெடுத்தார்கள். நானும் அதையே தேர்ந்தெடுத்தேன்.

உடம்பு தேறி மறுபடி மலையேறப் போன அன்று அவர் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எதுல பேசட்டும் மச்சான், பழசுலயா புதுசுலயா?"

தங்கச்சியைப் பார்த்தேன்.

"என்னைய ஏண்ணே பாக்குற? நீதான் சொல்லணும்" என்றாள்.

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். "முன்ன மாதிரியே ரெண்டுலயும் பேசுங்க மாப்ள" என்றேன்.