தேருக்கு முதுகு காட்டிய அத்தை

கல்யாண வீடு, பால்கோவா டப்பா, பஞ்சாலை விளம்பரம், தண்ணீருக்கு நடக்கும் சண்டை என்று எதையும் விடாமல் ஆயுசு முழுக்கப் படம் எடுத்துத் தள்ளிய என் அத்தைக்குப் போன மாதம் சென்னையில் கண்காட்சி வைத்தார்கள். வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது, ஒரு காலத்தில் எங்கள் வீடே திட்டித் தீர்த்த படம்.

அப்போது எனக்கு எட்டு வயது. ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த மில்லின் முதலாளி, புது வருடக் காலண்டருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைப் படம் எடுக்கும் வேலையை அத்தைக்குக் கொடுத்திருந்தார். அப்பா கெஞ்சி வாங்கிய வேலை. கூடவே தங்கைக்கு ஒரு கெடுவும் வைத்தார்.

"இதாவது உருப்படியா வரணும். இல்லைன்னா கேமராவை வித்துட்டு, வர்ற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு."

ஆடிப்பூரத்தன்று அப்பா வடம் பிடிக்கப் போய்விட்டார்; நான் அத்தையோடு நின்றேன். தேர் நிலைக்கு வந்து நின்றதும் இழுத்தவர்கள் வடத்தைப் போட்டுவிட்டு, திரும்பி நின்று தலைக்குமேல் கைகூப்பினார்கள். மற்ற கேமராக்கள் எல்லாம் தேரைப் பார்த்தன. அத்தை மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தை, தேரு இங்கிட்டு இருக்கு."

"அது அடுத்த ஆடிக்கும் வரும்ட்டி. இந்த மூஞ்சி வருமா?"

வீட்டில் அப்பா குதித்தார். "ஆண்டாளுக்கே முதுகைக் காட்டிட்டு வந்திருக்கியேட்டி. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?" அன்று அவர் சாப்பிடவில்லை.

முதலாளி படங்களைப் புரட்டிவிட்டு, "தேர் எங்கம்மா?" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை அசரவில்லை. "தேரு படம் எல்லா வீட்லயும் தொங்குது முதலாளி. தன் மூஞ்சி போட்ட காலண்டர் எவன் வீட்ல தொங்குது?"

முதலாளி படங்களை மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், கூட்டத்தையே அச்சடிக்கச் சொன்னார்.

தை பிறப்பதற்குள் ஒரு காலண்டர் மிச்சமில்லை. வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து மில் வாசலில் நின்று, "இந்தா, இந்தக் காது என்னுதுதான்" என்று சண்டை போட்டு வாங்கிப் போனார்கள். மறுபடி அச்சடித்தார்கள், அதுவும் தீர்ந்தது. அடுத்த மாதமே பால்கோவா கடைக்காரர்கள் அத்தையைத் தேடி வந்தார்கள். மாப்பிள்ளைப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் தரையில் நடக்கவில்லை.

எங்கள் வீட்டுக் காலண்டரை ஆணியடித்து மாட்டியது அப்பாதான். படத்தின் நட்டநடுவில் அவரே நின்றார், கூப்பிய கையும் நனைந்த கன்னமுமாக. வேர்வை என்றார்.

அத்தனை கூட்டத்தில் அப்பாவை ஏன் நடுவில் வைத்தாய் என்று அத்தையிடம் கேட்டேன்.

"அம்புட்டுப் பேர்ல உங்கப்பாதான் ஆடாம நின்னாவ" என்றாள், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

நான் அதை வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.