ஒரு மாதம் யோசித்த ஆயில்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். ஹைதராபாத் அல்வாலில் குடியிருந்தோம். என் கணவருக்கு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. ஆசைப்பட்டு ஒரு பழைய சீமைக் காரை வாங்கி வந்தார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

அதற்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு மாதம் என் உயிரை வாங்கினார். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போவார், பானெட்டைத் திறப்பார், ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைப்பார், வந்து உட்காருவார், மறுபடி போவார். பார்க்கிற எனக்கே இருப்புக்கொள்ளாது.

எதிர்வீட்டுக்காரரும் அதே தொழிற்சாலையில் இன்ஜினீயர். பூர்வீகம் மதுரை, வளர்ந்ததெல்லாம் சிகந்தராபாத். "லேசான ஆயில் நக்கோ சார், வேணாம். தேஞ்ச எஞ்சினு, இந்த வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று தினமும் வந்து சொல்வார். காரோடு வந்த புத்தகத்தில் லேசான ஆயில்தான் போட்டிருக்கிறது என்று இவர் வீம்பாக அதையே ஊற்றினார். இருவருக்கும் பேச்சு நின்றது. ஊற்றிய பிறகாவது நிம்மதியாக இருந்தாரா? அதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மதியம் எதிர்வீட்டம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார். அவர் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். தெருவில் வேறு வண்டி கிடையாது. அவரைப் பின்சீட்டில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் சாய்த்துக்கொண்டு கிளம்பினோம்; இவர் ஓட்டினார்.

பாதி வழியில் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் பாழாகிவிடும் என்பது அந்த ஒரு மாதத்தில் எனக்கே மனப்பாடம். கடகடவென்று சத்தம் வேறு. வியர்வையில் நனைந்திருந்த அந்த மனிதர் கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தார்.

"சார்... நிறுத்துங்க. எஞ்சின் பூடும்."

"போனாப் போவுது. நீங்க பேசாம இருங்க" என்றார் இவர். ஆக்ஸிலரேட்டரை மிதித்த காலை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்த எஞ்சின் அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனோம். "கெட்டி ஆயில்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீங்களா?" என்று படுத்தபடியே சண்டையைத் தொடங்கினார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்றும் துணிக்கடையில் ஒரு சட்டையை எடுப்பதா வேண்டாமா என்று இவர் என் பொறுமையைச் சோதிக்கும்போது, சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் எழாத அந்தக் கால் நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.