கொசுவை அழைத்த தண்ணீர்

மக்கிய மரத்தில் பூத்த பூஞ்சையை ஊறவைத்த தண்ணீருக்கு, மழையில் நனைந்த வைக்கோலின் வாசம் இருக்கும். எண்பதுகளில் சேலத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் அந்த வாசத்தோடுதான் வேலை செய்தேன். எனக்கு அடுத்த மேசையில் இருந்த விரிவுரையாளர் அம்மையார் அதை வடிகட்டிப் பாட்டில்களில் அடைத்துக்கொண்டிருப்பார். ஒரே மகளை மூளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபின் அவர் வேறெதையும் ஆராயவில்லை.

முட்டையிட வரும் பெண்கொசு எந்தத் தண்ணீரிலும் இறங்கிவிடாது. வாசம் பார்த்துத்தான் இறங்கும். அந்தப் பூஞ்சையில் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் அதைச் சுண்டி இழுப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். பானைகளில் அந்தத் தண்ணீரை வைத்தால் சுற்றுவட்டாரக் கொசுக்கள் அதிலேயே முட்டையிடும். புழுக்கள் கொசுவாகுமுன் வாரம் ஒருமுறை வெயிலில் கொட்டிவிட்டால் போதும்.

குமாரபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊரில், சம்மதித்த வீடுகளில் பானை வைத்தார். ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய்த் தன் கையாலேயே கொட்டினார். கோடை முழுக்கப் பலித்தது. "நல்லாத் தூங்கறமுங்க டீச்சர்" என்று அங்குள்ள பெண்கள் சொன்னதை என்னிடம் சொன்னபோது, மகள் போனபின் முதன்முதலாக அவர் சிரித்தார்.

ஐப்பசியில் காவிரி பெருகிப் பாதை அடைபட்டது; சில ஞாயிறுகள் பானைகளைக் கொட்ட அவரால் போக முடியவில்லை. வெள்ளம் வடிந்ததும் அவரோடு நானும் போனேன். பானைகளில் புழுக்கள் கழற்றிய வெற்றுத் தோல்கள்தான் மிதந்தன, கொசுக்கள் பறந்துவிட்டிருந்தன. ஒரு வீட்டில் பெண்குழந்தை அதே மூளைக் காய்ச்சலில் இறந்திருந்தது. அதன் தாய் எங்களைத் திட்டவில்லை. "எங்க ஊட்லயும் ஒண்ணு வையுங்கன்னு நாந்தானுங்க டீச்சர் கேட்டேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

அன்றே அம்மையார் எல்லாப் பானைகளையும் உடைத்தார். வளர்த்த பூஞ்சைகளைக் கொதிநீரில் போட்டார். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வயல்தண்ணீரில் பெருகுவது, உங்கள் பானைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது என்று எவ்வளவோ வாதாடினேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாமுங்க. ஆனா கொசுவை அவங்க வாசலுக்குக் கூப்பிட்டது நானுங்க."

ஓய்வு பெறும்வரை பாடம் மட்டும் நடத்தினார். அந்த ஊர்ப் பக்கம் போகவே இல்லை. போன மாதம் பார்க்கப் போனேன். புழுக்கத்திலும் சன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: "அந்தம்மாவுக்கு அப்புறம் வேற கொழந்தை பொறந்துச்சுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க" என்றார். "இல்லைன்னு வந்து சொல்லிருவீங்க."